பி.ஏ. படிக்கும்போதே ஆராய்ச்சியா?

17-ஆம் நூற்றாண்டில் அச்சான ஒரு சமய நூல். அதில் அச்சாகியிருப்பதைவிட அதன் ஓரங்களில் எழுதியிருப்பதன் மேல்தான் எல்லோருக்கும் கண். வெற்றிடம் கிடைத்த இடத்திலெல்லாம் எறும்பு ஊர்ந்ததுபோல் சின்னச் சின்னக் குறிகள். அமெரிக்காவில், பிராவிடன்ஸ் நகரத்து பிரவுன் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள ஜான் கார்ட்டர் பிரவுன் நூலகத்தில் இந்த நூல் இருக்கிறது. குறிகளை எழுதியவர் 1636-ல் அந்த நகரத்தையே நிறுவிய ரோஜர் வில்லியம்ஸாக இருக்கலாம் என்ற ஊகம் வெகுகாலமாக உண்டு. அதை உறுதிசெய்யத்தான் வழியில்லை. குறிகளைப் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை.

2012-ல் அந்தப் பூட்டு திறந்தது. திறந்தவர் பேராசிரியர் அல்லர், பிஎச்.டி. மாணவரும் அல்லர். அதே பல்கலைக்கழகத்தில் இளங்கலை கணிதம் படித்துக்கொண்டிருந்த லூகாஸ் மேசன்-பிரவுன்.

முதலில் சில இளங்கலை மாணவர்கள் கூட்டாகத்தான் இந்தப் புதிரில் இறங்கினார்கள். மேசன்-பிரவுன் கணித வழியில் போனார். எந்தக் குறி எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் எழுத்துகளோடு பொருத்திப் பார்த்தார். விடை உளறலாக வந்தது. கணக்கு மட்டும் போதாது என்று தெரிந்த பிறகு வரலாற்றின் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. வில்லியம்ஸ் இளைஞராக லண்டனில் இருந்தபோது, சர் எட்வர்ட் கோக் என்ற புகழ்பெற்ற சட்ட வல்லுநருக்காக நீதிமன்றக் குறிப்புகளைச் சுருக்கெழுத்தில் எடுத்துக் கொடுத்தவர். அந்தக் காலத்தில் ஜான் வில்லிஸ் வகுத்த சுருக்கெழுத்து முறை இங்கிலாந்தில் பரவலாக இருந்தது. அதை அடிப்படையாக வைத்து, வில்லியம்ஸ் தன் வசதிக்காகச் செய்த மாற்றங்களையும் ஒவ்வொன்றாகக் கண்டறிந்தபோது வரிகள் பேசத் தொடங்கின.

குறிப்புகளில் ஒரு பகுதி பீட்டர் ஹெய்லினின் புவியியல் நூலிலிருந்து எடுத்தது. இன்னொரு பகுதி தாமஸ் பார்த்தோலினின் உடற்கூற்று நூலிலிருந்து எடுத்தது. இரண்டுக்கும் இடையில் இருந்த சுமார் 20 பக்கங்கள்தான் புதையல். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதை ஆதரித்து ஜான் எலியட் என்ற பாதிரியார் 1679-ல் வெளியிட்ட சிறுநூலுக்கு வில்லியம்ஸ் எழுதிய மறுப்பு அது. அவர் 1683-ல் காலமானார். அதாவது, அவருடைய கடைசிக் கால எழுத்து ஒன்று மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஒரு புத்தகத்தின் ஓரத்தில் கிடந்திருக்கிறது. 2014-ல் பேலர் பல்கலைக்கழகப் பதிப்பகம் இதை நூலாக வெளியிட்டபோது, இரண்டு வரலாற்றாசிரியர்களின் பெயர்களோடு மேசன்-பிரவுனின் பெயரும் அட்டையில் இடம்பெற்றது.

‘ஆங்கில இலக்கியத்தில் இனி ஆராய என்ன இருக்கிறது? ஷேக்ஸ்பியரைப் பற்றி எழுதாதது எது?’ பி.ஏ. ஆங்கிலம் சேரும் மாணவர்கள் காதில் அடிக்கடி விழும் கேள்வி இது. பி.ஏ. மாணவருக்கு எதற்கு ஆராய்ச்சி என்ற கேள்வியும் கூடவே வரும். ஆங்கிலத் துறையின் நூறாண்டு வரலாறு இரண்டுக்குமே வேறு பதில் சொல்கிறது.

பேராசிரியர் வைத்த சோதனை

கேம்பிரிட்ஜில் ஆங்கிலம் தனிப் பட்டப்பாடமாக வடிவம் பெற்றது 1917-ல்தான். ஆக்ஸ்ஃபோர்டில் 1894. இந்தியாவில் ஆங்கில இலக்கியம் அதற்கும் முன்பே கல்லூரிப் பாடமாகிவிட்டது. காலனி ஆட்சிக்கும் இந்தப் பாடத்துக்கும் உள்ள உறவை கௌரி விஸ்வநாதன் 1989-ல் வெளியிட்ட தன் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். ஆக, 1920-களில் கேம்பிரிட்ஜின் ஆங்கிலத் துறை இளம் துறை. எப்படிப் படிப்பது, எதைச் சொல்லிக் கொடுப்பது என்பதே அங்கு முடிவாகாத காலம்.

அப்போது ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற ஆசிரியர் தன் வகுப்பில் ஒரு சோதனை செய்தார். கவிதைகளைக் கவிஞர் பெயரும் காலமும் இல்லாமல் மாணவர்கள் கையில் கொடுத்தார். படித்துவிட்டுத் தோன்றியதை எழுதித் தரச் சொன்னார். நல்ல கல்விப் பின்னணியில் வந்தவர்கள்கூட நேரடிப் பொருளிலேயே தடுக்கி விழுந்தார்கள். ஜான் டன் போன்ற பெரிய கவிஞரின் பெயரை மறைத்ததும் அவருடைய மதிப்பும் பலர் கண்ணில் மறைந்தது. அந்த விடைத்தாள்களை வகைப்படுத்தி, 13 கவிதைகளுக்கு வந்த எதிர்வினைகளை அலசி, 1929-ல் அவர் வெளியிட்ட நூல்தான் ‘பிராக்டிகல் கிரிட்டிசிசம்’. தமிழ்நாட்டில் எம்.ஏ. ஆங்கிலம் படித்த யாரும் இந்தப் பெயரைத் தாண்டாமல் வந்திருக்க முடியாது. அதன் மூலப்பொருள் பெரும்பாலும் இளங்கலை மாணவர்கள் எழுதிய தாள்கள் என்பது பலருக்கு நினைவிருக்காது.

அந்த நூலில் மாணவர்கள் ஆய்வுக்கு உள்ளானவர்கள். ஆய்வு செய்பவராக ஒரு மாணவர் அதே ஆசிரியரிடம் வந்தார். வில்லியம் எம்ப்சன், மக்டலீன் கல்லூரி. அவரும் கணிதம் படிக்க வந்தவர்தான். 1928-ல் ஆங்கிலத்துக்கு மாறினார். ராபர்ட் கிரேவ்ஸும் லாரா ரைடிங்கும் ஷேக்ஸ்பியரின் ஒரு சானெட்டை எடுத்து, நிறுத்தற்குறிகளை மாற்றினால் பொருள் எப்படியெல்லாம் பிரிகிறது என்று 1927-ல் காட்டியிருந்தார்கள். இதை எந்தக் கவிதைக்கும் செய்யலாமே என்று எம்ப்சன் ரிச்சர்ட்ஸிடம் சொல்ல, போய்ச் செய்து காட்டு என்று அவர் அனுப்பிவைத்தார். இரண்டே வாரத்தில் சுமார் 30,000 சொற்கள் கொண்ட தட்டச்சுப் பிரதியோடு மாணவர் திரும்பி வந்ததாக ரிச்சர்ட்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அதுவே வளர்ந்து 1930-ல் ‘செவன் டைப்ஸ் ஆஃப் ஆம்பிகியூட்டி’ என்ற நூலானது. ஒரு வரிக்குள் பல பொருள் ஒலிப்பது குறையல்ல, கவிதையின் பலமே அதுதான் என்று வாதாடிய அந்த நூல் 20-ஆம் நூற்றாண்டு விமர்சனத்தின் போக்கையே மாற்றியது. வெளியானபோது ஆசிரியருக்கு வயது 24.

கல்லூரி அவரை எப்படி நடத்தியது? 1929-ல் முதல் வகுப்பில் தேறி, ஆய்வு உதவித்தொகையும் பெற்றார். சில வாரங்களிலேயே, அவர் அறையில் கருத்தடைச் சாதனங்கள் இருந்தன என்பதற்காக உதவித்தொகையைப் பறித்து வெளியே அனுப்பியது மக்டலீன். அதே கல்லூரி 1979-ல் அவரைக் கௌரவ உறுப்பினராக்கிக் கொண்டது.

அறிவியலில் தொடங்கி ஆங்கிலத்துக்கு

எம்ப்சனைப் போன்றவர்களை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடலாம். சாதாரண மாணவர்களையும் ஆய்வில் இறக்க வேண்டும் என்ற எண்ணம் ஓர் அமைப்பாக உருவெடுத்தது அமெரிக்காவில். 1969-ல் எம்.ஐ.டி.யில் மார்கரெட் மக்விகார் இளங்கலை மாணவர்களுக்கான ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கினார். 1978-ல் வேதியியல் பேராசிரியர்கள் முன்னின்று இளங்கலை ஆய்வுக்கான கவுன்சிலை அமைத்தார்கள். 1987-ல் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஆஷ்வில் வளாகத்தில் முதல் தேசிய இளங்கலை ஆய்வு மாநாடு நடந்தது. 1998-ல் வந்த பாயர் ஆணைய அறிக்கை, முதலாண்டிலிருந்தே கல்வி ஆய்வு வழியில் அமைய வேண்டும் என்று ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களுக்குச் சொன்னது.

தொடக்கத்தில் இவையெல்லாம் ஆய்வகத்தை மனத்தில் வைத்து வந்தவை. வேதியியல் மாணவர் பேராசிரியரின் ஆய்வகத்தில் ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு பெரிய ஆய்வின் சிறு பகுதியைச் செய்யலாம். ஆங்கிலப் பேராசிரியருக்கு ஏது ஆய்வகம்? அவர் தனியே உட்கார்ந்து படிக்கிறார், தனியே எழுதுகிறார். மாணவருக்கு அங்கே என்ன வேலை தருவது என்பது உண்மையிலேயே கடினமான கேள்வி.

பதில்கள் மெல்ல வந்தன. 1999-ல் தென் கரோலினா பல்கலைக்கழகத்தின் எய்க்கன் வளாகத்தில் ‘தி ஆஸ்வால்ட் ரிவ்யூ’ தொடங்கியது. ஆங்கிலத் துறை இளங்கலை மாணவர்களின் கட்டுரைகளை மட்டுமே, உரிய மதிப்பீட்டுக்குப் பிறகு வெளியிடும் பன்னாட்டு இதழ். 2003-ல், எழுத்துக்கலை பற்றிய இளங்கலை ஆய்வுகளுக்காக ‘யங் ஸ்காலர்ஸ் இன் ரைட்டிங்’ வந்தது. பிரிட்டனில் வாரிக் பல்கலைக்கழகம் 2007-ல் எல்லாத் துறைகளுக்குமான இளங்கலை ஆய்விதழைக் கொண்டுவந்தது. 2011-ல் பிரிட்டிஷ் இளங்கலை ஆய்வு மாநாடும் பிறந்தது.

இதழும் மாநாடும் மேடைகள்தான். மேடையில் வைக்கச் சரக்கு வேண்டும். அதற்கான வழியைக் காட்டியவை கூட்டுத் திட்டங்கள்.

வாஷிங்டனில் உள்ள ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் நூலகத்தில் 16, 17-ஆம் நூற்றாண்டு வீட்டுப் பெண்கள் கையால் எழுதிய சமையல், வைத்தியக் குறிப்பேடுகள் ஏராளம். அவற்றின் கையெழுத்தைப் படிக்கவே தனிப் பயிற்சி வேண்டும். இவற்றைப் பெயர்த்தெழுத ஒரு ஆய்வுக் கூட்டமைப்பு பல கல்லூரி மாணவர்களை ஒரே நாளில் இணையவழி உட்காரவைக்கிறது. ஒரே பக்கத்தைப் பலர் தனித்தனியே பெயர்த்தெழுதுகிறார்கள். பிறகு அவற்றை ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள். ஒரு மாணவர் ஒரு பக்கத்தில் செய்யும் வேலை சிறியதுதான். ஆனால் அதற்கு முன் அச்சில் இல்லாத பக்கம் அது.

கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜனெல் ஜென்ஸ்டாட் நடத்தும் ஷேக்ஸ்பியர் கால லண்டன் வரைபடத் திட்டம் இன்னொரு வகை. 16-ஆம் நூற்றாண்டு நகர வரைபடம் ஒன்றை அடித்தளமாக வைத்து, ஒவ்வொரு தெருவுக்கும் தேவாலயத்துக்கும் நாடக அரங்குக்கும் கலைக்களஞ்சியக் கட்டுரை எழுதுகிறார்கள். வேறு ஊர்ப் பேராசிரியர் ஒருவர் தன் வகுப்போடு ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளலாம். மாணவர்கள் தரவு திரட்டி எழுதுகிறார்கள், ஆசிரியர் பதிப்பிக்கிறார், மதிப்பீட்டுக்குப் பிறகு மாணவர்களின் பெயரோடு வெளியாகிறது. ‘ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் துயரம்’ என்று பத்துப் பக்கம் எழுதுவதற்கும், ஒரு நாடக அரங்கு எந்தத் தெருவில் இருந்தது, யார் வாடகைக்கு எடுத்தார்கள் என்று சான்றோடு ஒரு பக்கம் எழுதுவதற்கும் உள்ள தூரம் பெரிது.

2015 ஜனவரி 1 அன்று இன்னொரு கதவும் திறந்தது. 1700-க்கு முன் ஆங்கிலத்தில் அச்சான நூல்களில் 25,000-க்கும் மேற்பட்டவை, தேடக்கூடிய எழுத்துவடிவில் எல்லோருக்கும் இலவசமாகப் பொதுவெளிக்கு வந்தன. முன்பு லண்டனுக்கோ ஆக்ஸ்ஃபோர்டுக்கோ போக வசதி உள்ளவர்களுக்கு மட்டும் கிடைத்த நூல்கள், இப்போது திருநெல்வேலியில் ஒரு செல்போனில் திறக்கின்றன.

மொழிப் பக்கம்: கோலாப்பூர் காட்டிய வழி

ஆங்கிலத் துறை என்றால் இலக்கியம் மட்டும் அல்ல. மொழியியலில் இளங்கலை மாணவருக்குக் கதவு இன்னும் அகலம். காரணம் எளிது: தரவு தெருவிலேயே கிடைக்கிறது.

1960-களில் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி குசேராவும் நெல்சன் பிரான்சிஸும், 1961-ல் அச்சான அமெரிக்க எழுத்துகளிலிருந்து 10 லட்சம் சொற்களைத் திரட்டிக் கணினியில் ஏற்றினார்கள். அதே அளவில், அதே முறையில், இந்திய ஆங்கிலத்துக்கு ஒரு தொகுப்பை உருவாக்கியது டெல்லியோ சென்னையோ அல்ல. மகாராஷ்டிரத்தின் கோலாப்பூரில் உள்ள சிவாஜி பல்கலைக்கழகம். எஸ்.வி. சாஸ்திரி தலைமையில், 1978-ல் வெளியான இந்திய ஆங்கில எழுத்துகளிலிருந்து 10 லட்சம் சொற்கள். உலக மொழியியலாளர்கள் இன்றும் அதைக் கோலாப்பூர் தொகுப்பு என்றே குறிப்பிடுகிறார்கள்.

இன்று 20 நாடுகளின் இணைய ஆங்கிலத்தை ஒப்பிடும் தொகுப்பு ஒன்றே 190 கோடிச் சொற்களைத் தொடுகிறது. இந்தியாவும் இலங்கையும் சிங்கப்பூரும் மலேசியாவும் அதில் உண்டு. ‘டுடே மார்னிங்’, ‘கசின் பிரதர்’, ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று தமிழ்நாட்டு வகுப்பறைகளில் சிவப்பு மையால் அடிபடும் தொடர்கள் இலங்கையில் எவ்வளவு, சிங்கப்பூரில் எவ்வளவு, செய்தித்தாளில் உண்டா, பேச்சுநடையில் மட்டுமா என்று ஒரு மாணவர் ஒரு செமஸ்டருக்குள் எண்ணிப் பார்த்துவிடலாம். தவறு என்று திருத்துவது ஆசிரியர் வேலை. எங்கே, யார், எவ்வளவு என்று கணக்கெடுப்பது ஆய்வு.

இந்தியாவில் புதிய விதி

இளங்கலை ஆய்வு இப்போது இந்தியாவில் விதியாகவே வந்துவிட்டது. தேசியக் கல்விக் கொள்கையின் தொடர்ச்சியாக, பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் இளங்கலைப் படிப்புக்கான புதிய கட்டமைப்பை வெளியிட்டது. மூன்று ஆண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்கு ஆண்டு ஹானர்ஸ் பட்டத்துக்கு 160. முதல் ஆறு செமஸ்டர்களில் 75 சதவீதமோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் நான்காம் ஆண்டில் ஆய்வுப் பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம். அவர்கள் எழுதும் ஆய்வேட்டுக்கு மட்டும் 12 கிரெடிட். அப்படி முடிப்பவர்கள் முதுகலை படிக்காமலே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கவும் விதி இடம் தருகிறது. எம்.ஃபில். பட்டம் அதே 2022-ல் கைவிடப்பட்டது.

தமிழ்நாடு அரசு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. இங்கே பெரும்பாலும் மூன்றாண்டு பி.ஏ. தொடர்கிறது. ஆனாலும் பல தன்னாட்சிக் கல்லூரிகளில் கடைசி செமஸ்டரில் ‘ப்ராஜெக்ட்’ உண்டு. வைவாவும் உண்டு. நான்காம் ஆண்டு வேண்டுமா வேண்டாமா என்ற அரசியல் விவாதம் ஒருபக்கம் நடக்கட்டும். இருக்கும் ப்ராஜெக்டில் என்ன நடக்கிறது என்பது அதைவிட அவசரமான கேள்வி.

தலைப்புகளைப் பார்த்தாலே கதை தெரியும். யாரோ ஒரு நாவலாசிரியரின் ஏதோ ஒரு நாவலில் பெண்ணியப் பார்வை. இன்னொருவரின் நாவலில் புலம்பெயர்ந்தோர் அடையாளச் சிக்கல். மூன்றாமவரிடம் பின்காலனியக் கூறுகள். கோட்பாட்டின் பெயர் முதலில், நாவலின் பெயர் பிறகு. நடுவில் கோடிட்ட இடத்தை நிரப்புவதுபோல் நாற்பது பக்கம். முடிவு என்னவாக இருக்கும் என்பது தலைப்பிலேயே இருக்கிறது. போன ஆண்டு பிரதியைப் பார்த்து இந்த ஆண்டு எழுதுவதும், கடையில் காசு கொடுத்து முடிப்பதும் இதனால்தான் எளிதாகின்றன. இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் அதே நாற்பது பக்கத்தைச் சில நிமிடங்களில், பிழையில்லாத ஆங்கிலத்தில் கொடுத்துவிடுகின்றன.

மாணவர்களைத் திட்டிப் பயனில்லை. அவர்களில் பலர் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். ஆங்கில வழியில் ஒரு பத்தி எழுதவே கல்லூரியில்தான் பழகுகிறவர்கள். பெரிய கோட்பாட்டைக் கையில் கொடுத்தால் கைடு நோட்ஸைத் தேடித்தான் ஓடுவார்கள். ஆசிரியர்களின் நிலையும் சொல்லத்தக்கதாக இல்லை. அரசுக் கல்லூரிகளில் பாடச்சுமையின் பெரும்பங்கைக் கௌரவ விரிவுரையாளர்கள் சுமக்கிறார்கள். ஒருவரே இருபது, முப்பது ப்ராஜெக்டுகளுக்கு வழிகாட்டி என்றால், முன்னுரையைப் படிக்கவே நேரம் இருக்காது. கட்டணம் கட்டினால் எதையும் வெளியிடும் ‘ஆய்விதழ்கள்’ இந்த இடைவெளியில்தான் பிழைக்கின்றன.

மூலப்பொருள் பக்கத்திலேயே இருக்கிறது

பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஓரக்குறிப்பு நூல் போன்றவை சென்னையில் இல்லையா? ஆங்கிலத் துறைக்கு உரிய பொருள் இங்கேயே குவிந்து கிடக்கிறது.

1901-ல் கமலா சத்தியநாதன் சென்னையிலிருந்து ‘தி இந்தியன் லேடீஸ் மேகஸின்’ என்ற ஆங்கில மாத இதழைத் தொடங்கினார். வங்கத்தின் ரொக்கேயா சகாவத் ஹுசைன் எழுதிய ‘சுல்தானாஸ் ட்ரீம்’, ஆண்கள் வீட்டுக்குள் அடைந்துகிடக்க, பெண்கள் அறிவியலால் நாட்டை ஆளும் கற்பனைக் கதை, 1905-ல் முதலில் அச்சானது இந்தச் சென்னை இதழில்தான். உலகெங்கும் பெண்ணிய அறிவியல் புனைவு வகுப்புகளில் அந்தக் கதையைப் படிக்கிறார்கள். அந்த இதழில் வேறு யார் யார் எழுதினார்கள், என்னென்ன விளம்பரங்கள் வந்தன, வாசகியர் எந்தெந்த ஊரிலிருந்து கடிதம் போட்டார்கள் என்பதெல்லாம் பி.ஏ. மாணவரின் கைக்கு எட்டும் கேள்விகள்.

அதற்கும் முன்னால் கிருபாபாய் சத்தியநாதன். 1878-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, உடல்நலம் கெட்டுப் படிப்பை விட்டவர். அவருடைய ‘சகுணா’ 1887-88-ல் மெட்ராஸ் கிறிஸ்டியன் கல்லூரி இதழில் தொடராக வந்தது. இந்தியப் பெண் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் நாவல்களில் ஒன்று. தொடராக வந்த வடிவுக்கும் பிறகு வந்த நூல் வடிவுக்கும் என்ன வேறுபாடு? இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட இரண்டு கண்களும் பொறுமையும் போதும்.

1812-ல் தொடங்கிய மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டியின் நூலகம் கல்லூரிச் சாலையில் இருக்கிறது. 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகமும் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. ஆங்கிலோ-இந்தியச் சொற்களுக்கான புகழ்பெற்ற அகராதியான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ 1886-ல் வந்தது. அதன் இருவர் கூட்டணியில் ஒருவரான ஏ.சி. பர்னல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சரசுவதி மகாலின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவரும் அவரே. தஞ்சாவூர், கும்பகோணம் கல்லூரிகளின் ஆங்கிலத் துறைகளுக்கு உள்ளூரிலேயே ஒரு திட்டம் இது.

இப்படிப்பட்ட தலைப்புகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. இதழின் ஒரு குறிப்பிட்ட ஆண்டுத் தொகுதியை நூலகத்தில் உட்கார்ந்து புரட்டி, பக்க எண்ணோடு அட்டவணை போடும் வேலையைப் போன ஆண்டு ப்ராஜெக்டைப் பார்த்து எழுத முடியாது. செயலியிடம் கேட்டும் வாங்க முடியாது. ஒரு வகுப்பின் முப்பது பேரும் ஆளுக்கு ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டால், ஆசிரியர் முப்பது தனித்தனி ஆய்வுகளுக்கு வழிகாட்ட வேண்டியதில்லை. முப்பது பேர் சேர்ந்து செய்யும் ஒரே ஆய்வை நடத்தினால் போதும். அடுத்த ஆண்டு மாணவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வைவாவில் கேட்கவும் உண்மையான கேள்விகள் இருக்கும்.

இதற்குப் புதிய சட்டமோ நான்காம் ஆண்டோ பெரிய நிதியோ தேவையில்லை. துறைத்தலைவர்கள் பாடத்திட்டக் குழுவில் ஒரு வரியை மாற்றினால் போதும்: ப்ராஜெக்ட் தலைப்பில் கோட்பாட்டின் பெயர் கட்டாயமில்லை, மாணவர் நேரில் பார்த்த ஒரு மூலச்சான்று கட்டாயம். நூலகங்கள் பி.ஏ. மாணவருக்கும் வாசகர் அட்டை கொடுத்து, பழைய தொகுதிகளைப் பார்க்க அனுமதிக்க வேண்டும். ‘தி ஆஸ்வால்ட் ரிவ்யூ’ போன்ற இதழ்கள் பேராசிரியர் ஒருவரின் பரிந்துரையோடு வரும் வெளிநாட்டு மாணவர் கட்டுரைகளையும் பரிசீலிக்கின்றன. அந்தப் பரிந்துரையை எழுதும் தகுதி தமிழ்நாட்டின் ஒவ்வொரு ஆங்கிலத் துறைக்கும் இருக்கிறது. வரும் கல்வியாண்டின் ப்ராஜெக்ட் பட்டியலைத் தயாரிக்கும்போது ஆசிரியர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.